மாப்பிள்ளைக்கு ஓட்டி வேண்டுமா?

வள்ளம் வாடகைக்கு விடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் எல்லோரும் என்னைவிடப் படித்தவர்கள். இயந்திரம் பற்றியும், உயிர்காப்பு அங்கி பற்றியும், வானிலை அறிவித்தல் பற்றியும் உங்களுக்கு வகுப்பு நடத்தியிருப்பார்கள். அதற்குள் நான் மூக்கை நுழைக்கப் போவதில்லை. ஊர்காவற்றுறைத் துறையடியில் மேசை போட்டிருந்து, வந்தவர் போனவர் எல்லோரோடும் வாய் கொடுத்தே தலை நரைத்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் உன் வாய்க்கு ஓய்வு இல்லையே என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டும். உங்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு எழும்பிவிடுகிறேன். வள்ளம் கேட்டு வருகிறவருக்கு ஓட்டியையும் சேர்த்து அனுப்புவதா, அல்லது அவரே ஓட்டிக்கொண்டு போகட்டும் என்று விடுவதா?

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கப்டன் என்பார்கள். எங்களுக்கு ஓட்டி. எந்தப் பெயரால் சொன்னாலும் அந்த ஆளை வேண்டாம் என்று சொல்லத்தான் எல்லோருக்கும் விருப்பம். ஒருவர் போனை எடுத்து, பெருவிரலால் தள்ளித் தள்ளி, தன் அனுமதிப் பத்திரத்தின் படத்தைக் காட்டுவார். இன்னொருவர் தன் பரம்பரையே கடற்காரப் பரம்பரை என்பார், வள்ளத்தின் எந்தப் பக்கத்தால் ஏறுவது என்று அவருக்குத் தெரியாது. வேறொருவர் மெதுவாகக் குனிந்து, "குடும்பமாப் போறம் அக்கா, இடையிலை ஒரு பிறத்தி ஆள் என்னத்துக்கு?" என்பார். இந்த மூன்றாவது ஆளிடம் எனக்கு எப்போதும் இரக்கம் உண்டு. அவர் கேட்பதில் பிழை இல்லை.

கனடாவிலிருந்து ஒருவர் தாய், மனைவி, பிள்ளைகளோடு வந்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, மனிதன் நன்றாகவே ஓட்டுவார். துறையடிக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார், எங்கள் ஓட்டிகளே தலையாட்டினார்கள். நான் வள்ளத்தின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "அனலைதீவுக்குப் போய் என்ன செய்யப் போறியள்?" என்று கேட்டேன். மனிதன் முகம் மலர்ந்து அடுக்கத் தொடங்கிவிட்டார். அம்மா சின்ன வயதில் படித்த ஊரின் கரையை அவருக்குத் திரும்பக் காட்ட வேண்டும், பிள்ளைகள் கடலில் கை வைக்கிறதைப் படம் எடுக்க வேண்டும், மனைவிக்குத் தலைசுற்று வந்தால் பிடிக்க வேண்டும். "அப்ப ஓடுறது ஆர்?" என்றேன். மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான் ஓட்டியோடு போனார். திரும்பி வந்து இறங்கியபோது போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இஞ்சை பாருங்கோ அக்கா, எங்கடை குடும்பப் படத்திலை முதல்தரம் நானும் நிக்கிறன்!" அந்தச் சந்தோசப் புளுகத்தில் எங்கள் எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வாங்கித் தந்துவிட்டுத்தான் போனார்.

ஆகவே "ஓடத் தெரியுமோ?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள், அரைவாசிப் பேர் உண்மையும் சொல்வார்கள். அன்றைக்கு அந்த ஆளுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது என்று கேளுங்கள்.

எங்கள் இடத்தில் இதற்கென்றே ஒரு வழக்கம் இருந்தது. இப்போதும் இருக்கிறது என்று நம்புகிறேன், இல்லையென்றால் இன்றைக்கே சண்டைக்கு வருவேன். வள்ளத்தை ஓட்டுகிறவர் அதில் போகிற கூட்டத்தில் ஒருவராக இருக்கக்கூடாது. கடலில் அவர்களோடு சேர்ந்து சாப்பிடமாட்டார், படத்துக்கு நிற்கமாட்டார். ஆட்களைக் கரையில் இறக்கிய பிறகுதான் தன் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார். தன் சொந்தக்காரர் ஏறினால் இறங்கி நின்று, வேறு ஓட்டியிடம் வள்ளத்தைக் கொடுப்பார். இதற்கு நாங்கள் ஒரு எழுத்தும் எழுதி வைக்கவில்லை, எல்லோரும் செய்தார்கள்.

இந்த வழக்கத்தை எங்களில் மிகக் கடுமையாகப் பிடித்து நின்றவன் ரஞ்சன். கரம்பொன் ஊர்ப் பிள்ளை. எங்கள் துறையடியில் அவனைப்போல ஓட்டி இல்லை என்று அவனுடைய எதிரிகளே சொல்வார்கள். அவனும் அடிக்கடி சொல்வான். நடுக்கடலில் ஒரு அம்மா பாவம் பார்த்து ஒரு வடையை நீட்டியதற்கு, "அம்மா, என்ரை கையையும் கண்ணையும் விட்டிட்டு மற்ற ஆக்களுக்குக் குடுங்கோ" என்றவன். வேறு ஒருவர் ஓட்டுகிற வள்ளத்தில் ஏறினாலோ, வாய் மூடாது. அப்பிடித் திருப்பு, இப்பிடி வெட்டு, அலையைக் குறுக்கே வாங்காதே. பஸ்ஸில் போனாலும் சாரதிக்குப் பின்னால் நின்று கியர் மாற்றச் சொல்லுவான்.

அவனுக்குக் கலியாணம் பொருந்தியது. பெண் நிரோசா, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் தாதி, வீடு நயினாதீவில். விடுமுறைக்கு நாலைந்து தாதிமார் சேர்ந்து எங்கள் வள்ளத்தைப் பிடித்துப் போவார்கள், அதில் தொடங்கிய கதை. இரண்டு பேருக்கும் வயது வந்துவிட்டது, மனம் பொருந்திவிட்டது, சாதகமும் எப்படியோ பொருந்திவிட்டது. பெண்ணின் தகப்பன் கதிரவேலர்தான் கடைசிவரை முறுகிக்கொண்டு நின்றார். தெற்கே காலி நகரில் பெரிய கடை வைத்திருந்த மனிதர், இப்போது ஊரோடு வந்து இருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் ஊர் என்ன சொல்லும் என்பதைக் காலையில் எழும்பிய உடனேயே யோசிக்கத் தொடங்குவார். ஒருபடியாய்ச் சம்மதித்துவிட்டு, கலியாணம் பேசப் போனவரிடம் ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்பிவிட்டார். "காலியிலையிருந்தும் கொழும்பிலையிருந்தும் ஆக்கள் வருவினம். ஓட்டி மாதிரி வந்து இறங்காமல் மாப்பிளை மாதிரி வரச் சொல்லுங்கோ."

அந்தச் சொல் ரஞ்சனின் நெஞ்சில் குத்தி நின்றது.

ஒரு நாள் வந்து, வாடிக்கையாளர் நிற்கிற பக்கத்தில் நின்றான். "அக்கா, எனக்குப் பெரிய வள்ளம் வேணும். ஓட்டி வேண்டாம்."

"ஆருக்கடா?"

"எனக்குத்தான். என்ரை கலியாணத்துக்கு."

"சோக்கான கதை. குறிகட்டுவானுக்கு வான் பிடிச்சுப் போய் நயினாதீவு லோஞ்சிலை ஏறலாமே?"

"கடலிலை ஓடுறவன் லோஞ்சிலை ரிக்கற் எடுத்து மாப்பிளையாப் போறதோ? எங்கடை துறையடியிலையிருந்து எங்கடை வள்ளத்திலை போறன். நான்தான் ஓடுவன்."

பம்பல் அடிக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். "பட்டு வேட்டியோடையோ?"

"மடிச்சுக் கட்டுவன்."

"தலைப்பாகை?"

"கழட்டிப் பெரியக்காவின்ரை மடியிலை வைப்பன். இறங்கேக்கை போட்டாச் சரி."

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறான்! அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு ஒரு துளியும் இல்லை.

"என்னை ஓட்டி எண்டு சொல்ல அந்த மனிசன் வெக்கப்படுறார், அக்கா. அப்ப ஓட்டியாவே போய் அவற்றை துறையடியிலை இறங்கிறன். காலிக்காரரும் கொழும்புக்காரரும் நல்லாப் பாக்கட்டும். நீங்கள் வேறை ஓட்டியைப் போட்டா, நான் அவருக்குப் பயந்து என்ரை தொழிலை ஒளிச்சுக்கொண்டு போனமாதிரி."

எனக்குக் கதிரவேலர் மேல் வந்த ஆத்திரம்! எங்கள் தொழிலில் என்ன குறை? எங்கள் பிள்ளை ஓட்டிக்கொண்டு போகட்டும், போய் அவருடைய நெஞ்சுக்கு நேரே வள்ளத்தைக் கட்டட்டும். "இந்தா திறப்பு" என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பிள்ளைகளே, இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். அழுகிறவரும் ஆத்திரப்படுகிறவரும் மேசைக்கு முன்னால் வந்து நிற்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும். அந்த நியாயத்தைப் பார்த்து வள்ளத்தைக் கொடுக்கக்கூடாது. கடலுக்கு அது தெரியாது.

எனக்குக் கோபம் வந்தால் 'நீ' என்று பேசுகிறவர்களோடும் 'நீர்' என்றாகிவிடும்.

"தம்பி, நீர் இஞ்சாலை வாரும்," என்றேன். "இந்தக் கதிரையிலை இரும்."

அவனை என் கதிரையில் இருத்திவிட்டு, நான் போய் அவன் நின்ற இடத்தில் நின்றேன். "இப்ப நீர்தான் வள்ளம் குடுக்கிற ஆள். நான் வாடகைக்குக் கேட்டு வந்தனான். என்னைக் கேளும்."

"என்ன விளையாட்டு அக்கா இது?"

"கேளும்!"

முணுமுணுத்துக்கொண்டு கேட்டான். "அண்டைக்கு உங்களுக்கு வேறை என்ன வேலை?"

"எனக்குக் கலியாணம்," என்றேன். "தாலிக்குப் பொன்னுருக்கின நாளிலையிருந்து பொம்பிளையைக் கண்ணாலை காணேல்லை. முதல்நாள் நித்திரை கொண்டிருக்கமாட்டன். முகூர்த்தத்துக்கு நேரம் போகுதெண்டு ஆக்கள் போன் அடிச்சபடி இருப்பினம். கூறைச் சேலைத் தட்டமும் தாலியும் வள்ளத்துக்கை. சின்னன் பெரிசு எண்டு சொந்தக்காரர் முழுப்பேரும் ஏறுவினம். மாமனாரிலை சரியான கோபம், அவருக்குக் காட்டத்தான் ஓடுறன். ஆவணி மாசம், சோழகக் காத்து முகத்துக்கு நேரை அடிக்கும். எனக்கு வள்ளத்தைத் தனியாத் தருவீரோ?"

ரஞ்சன் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். வெளியே யாரோ ஒரு இயந்திரத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், அது பிடிக்கவில்லை.

"தரமாட்டன்," என்றான் கடைசியில். எழும்பினான். "ஆனா நீங்கள் செய்யிறது எனக்குப் பிடிக்கேல்லை."

"எனக்கும்தான் பிடிக்கேல்லை. நீ ஓட்டி இல்லையெண்டோ சொல்லுறன்? ஓட்டி எண்டபடியாத்தானே அந்தக் கதிரையிலை இருத்திக் கேட்டனான்."

போய்விட்டான். அவன் முதுகைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் கையில் கிடைத்த துணியால் மேசையைத் துடைத்தேன், துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தேன்.

சரி, ஓட்டி போடுவது என்று முடிவாயிற்று. யாரைப் போடுவது? அங்கேதான் பெரிய பகிடி. ரஞ்சனை ஏற்றிக்கொண்டு வள்ளம் ஓட்ட ஒருவரும் தயாரில்லை! ஒருவருக்குத் திடீரென்று இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. இன்னொருவர் அன்றைக்குச் சாட்டிக்கு ஆட்களை ஏற்றப் போக வேண்டுமாம், பஸ்ஸே போகிற அந்தக் கடற்கரைக்குக் கடலால் போகிற ஆட்களை நான் கண்டதில்லை. மற்றொருவர் நேரேயே சொல்லிவிட்டார். "அக்கா, புயலுக்கை எண்டாலும் ஓடுறன். அவன்ரை வாய்க்கை ஓடேலாது."

கடைசியில் மரியதாஸ் அண்ணை முன்னுக்கு வந்தார். எங்கள் ஓட்டிகளில் மூத்தவர். காது கொஞ்சம் மந்தம், பிரான்சில் இருக்கிற மகள் அனுப்பிய காது மிசின் போட்டிருப்பார். "எனக்கென்ன பிள்ளை, அவன் கத்தட்டும்," என்றார். "மிசினைக் கழட்டிப் பொக்கற்றுக்கை போட்டா முடிஞ்சுது அலுவல்."

"அண்ணை, அப்ப இஞ்சின் சத்தம்?"

"அது எனக்குக் கைக்குள்ளாலை கேக்கும்."

நான் யோசித்தேன். கேட்க வேண்டியது ஏதும் கேட்டால் அவர் தோளைத் தட்ட, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நானாக இருப்பது என்று தீர்மானித்தேன். கலியாண வீட்டுக்கு எனக்கும் அழைப்பு இருந்தது, சேலையும் புதிது. நீங்கள் இதைப் பார்த்துக் காது கேளாத ஓட்டியைப் போட வெளிக்கிடாதீர்கள். மரியதாஸ் அண்ணையை எனக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து தெரியும்.

கலியாண நாள் காலை வள்ளத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் தென்னோலைத் தோரணம், முன்னுக்கு வாழை, இயந்திரத்துக்கும் யாரோ ஒரு மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். ரஞ்சனைக் கூட்டிப்போகத் தோழனாக நிரோசாவின் தம்பி வந்திருந்தான், சரியான குழப்படிக்காரன். ரஞ்சனின் பெரியக்கா கூறைத் தட்டத்தை மடியில் வைத்து, பொலித்தீன் பையால் மூடி, அதன்மேல் ஒரு துவாயும் போட்டு, அதன்மேல் தன் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தாள். ரஞ்சன் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாய் நடுவில். நல்ல வடிவான மாப்பிள்ளை. ஆனால் முகம் மட்டும் கடன்காரன் வீட்டுக்குப் போகிற முகம்.

துறையடிக்கு எதிரே உள்ள கடற்கோட்டையைத் தாண்டவில்லை, தொடங்கிவிட்டான்.

"அண்ணை, கொஞ்சம் வெளியாலை எடுங்கோ!"

மரியதாஸ் அண்ணை நேரே பார்த்தபடி ஓட்டினார்.

"அண்ணை, உதிலை கல்லு!"

அண்ணை நேரே பார்த்தபடி ஓட்டினார். கல் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியும், வள்ளம் அதைச் சுற்றித்தான் போனது.

"எடேய், ஆராவது அந்த மனிசனுக்குச் சொல்லுங்கோவன்!"

வள்ளமே குலுங்கிச் சிரித்தது. தோழன் சிரித்துச் சிரித்துத் தன் சால்வையைக் கடலுக்குள் விடப் பார்த்தான். அனலைதீவு வலப்பக்கம் வந்தபோது ரஞ்சனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, சிரித்துக்கொண்டே உத்தரவு போட்டான். இப்போது அது ஒருவருக்கும் அல்லாத உத்தரவு, பழக்கத்தில் வருவது.

நயினாதீவுத் துறையடி தெரிகிற தூரத்தில் சோழகம் கொஞ்சம் எழும்பியது. அலை நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாய் உடைந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மேளம் கேட்டது, வெடி கொளுத்தினார்கள். கதிரவேலர் தன் ஆட்களோடு கரையில் நிற்பது தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத் தோழனின் போன் அடித்தது. வீட்டில் பெண்ணுக்கு உடுத்திவிடுகிற பெட்டைகள், வீடியோவில். இந்தக் குழப்படிக்காரன் போனைச் சட்டென்று ரஞ்சனின் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டான்.

"எடேய், பொன்னுருக்கினாப் பிறகு பாக்கக்கூடாதடா!" என்று பெரியக்கா கத்தினாள்.

நிரோசாவைப் பார்த்துவிட்டான். "அண்ணை, இடப்ப..." என்று தொடங்கிய உத்தரவு பாதியில் நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. பெரியக்கா ஒரு கையால் போனைப் பறிக்க, அவன் அதை விடாமல் பார்ப்பதற்கு எழும்பி நின்றான். உலகத்தில் கடல் என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

அந்தக் கணத்தில் மரியதாஸ் அண்ணை வள்ளத்தை வெட்டித் திருப்பினார். எல்லோரும் ஒரு பக்கமாய்ச் சரிந்தோம். ரஞ்சன் ஒரு கையை மேலே தூக்கித் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தோழனைப் பிடித்துக்கொண்டு தப்பினான். எங்களுக்கு மிகக் கிட்ட ஒரு வலை போனது. அறுந்து மிதந்து வந்த வலை, மிதப்புக்குக் கட்டிய வெள்ளைப் போத்தல்கள் வெள்ளை நுரைக்குள் ஒளிந்து கிடந்தன. அது இயந்திரத்தில் சுற்றியிருந்தால் வள்ளம் அந்த இடத்திலேயே செத்திருக்கும். முகத்துக்கு வந்த அலையைப் பக்கத்தால் வாங்கியிருப்போம், குழந்தை குட்டி, கூறை, தாலி எல்லாவற்றோடும்.

ரஞ்சன் பின்னால் திரும்பி அந்த வலையைப் பார்த்தான். நீளமாய்ப் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "நான் காணேல்லை, அக்கா," என்றான். அதன் பிறகு கரை தட்டும்வரை ஒரு உத்தரவும் வரவில்லை.

கரையில் என்ன நடந்தது தெரியுமா? கதிரவேலர் வேட்டி நனைய ஓடி வருகிறார்! "பாத்தீங்களே, பாத்தீங்களே!" என்று பின்னால் வந்த காலிக்காரரிடம் கத்துகிறார். "மருமோன் எழும்பி நிண்டு கையைக் காட்டினார், வள்ளம் திரும்பிச்சுது! வலையை எவ்வளவு தூரத்திலை கண்டிருக்கிறார்!" தலைப்பாகையைப் பிடித்த கையைத்தான் மனிதர் கண்டிருக்கிறார். நான் மரியதாஸ் அண்ணையைப் பார்த்தேன். அவர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தோழன் மாப்பிள்ளையின் கால் கழுவினான், மோதிரம் வாங்கினான். முகூர்த்தத்தில் தாலி ஏறியது. நிரோசாவைக் கூறையோடு பார்க்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் பந்தியில் இருந்தாலும், கைகழுவப் போனாலும், காதில் விழுந்தது கதிரவேலரின் குரல்தான். முதலில் மருமகன் கையைக் காட்டினார். பாயசம் வருகிற நேரம் மருமகன் வள்ளத்தின் முன்விளிம்பில் ஏறி நின்றுவிட்டார். மோர் வருகிற நேரம் ஓட்டிக்குக் கண் தெரியாமலும் போய்விட்டது. மணவறையிலிருந்த ரஞ்சனுக்கும் அது கேட்டது. ஓட்டி என்று சொல்ல வெட்கப்பட்ட மனிதர் ஊரைக் கூட்டி மருமகனின் கடல் கெட்டித்தனத்தைச் சொல்கிறார். இதைத்தானே பிள்ளை ஆசைப்பட்டான்? உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் மனிதர் இவ்வளவு பேருக்கு முன்னால் குறுகிப்போவார். புது உறவு, இன்றைக்குத்தான் முளைவிட்டிருக்கிறது.

பின்னேரம் கால்மாறிப் போகிற நேரம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப எல்லோரும் துறையடிக்கு வந்தார்கள். காற்று காலையைவிடக் கூட. மரியதாஸ் அண்ணை இயந்திரத்தடியில் ஆயத்தமாய் நின்றார். அப்போது கதிரவேலர் முன்னுக்கு வந்து, காலி, கொழும்பு, நயினாதீவு மூன்றும் கேட்கத்தக்கதாகச் சொன்னார்.

"போகேக்கை மருமோன்தான் ஓடவேணும். என்ரை பிள்ளையை ஏத்திவிடுறன், வேறை ஆரையும் நான் நம்பமாட்டன்."

எல்லோரும் கைதட்டினார்கள்.  இப்போது நான் குறுக்கே விழுந்து எங்கள் வழக்கத்தைச் சொன்னால், முதல் நாளிலேயே மாமனாரின் சொல்லைத் தட்டின கலியாணம் என்றாகும். சொல்லாமல் விட்டால் இந்தக் காற்றில் இந்த மாப்பிள்ளை ஓட்டுவான். என்ன வந்தாலும் வரட்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ரஞ்சன் பேசிவிட்டான்.

"இல்லை மாமா. மரியதாஸ் அண்ணை ஓடட்டும்."

"ஏன் தம்பி? உம்மை விட ஆர் இருக்கினம்?"

"மாமா, காலமை நான் கையைத் தூக்கினது தலைப்பாகையைப் பிடிக்க." எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான். "அந்த வலையை நான் காணேல்லை. அண்ணைதான் கண்டவர். நான் அப்ப போனிலை உங்கடை மகளைப் பாத்துக்கொண்டு நிண்டனான். இப்ப ஆள் பக்கத்திலை. எனக்கு இண்டைக்குக் கண் கடலிலை நிக்காது. நிக்காதெண்டு தெரிஞ்சுகொண்டு நான் வள்ளத்தைத் தொடேலாது, மாமா. நான் ஓட்டி."

 நிரோசா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், ஆனால் காதுவரை சிவந்துவிட்டாள். கதிரவேலர் மருமகனைப் பார்த்தார், பிறகு காலிக்காரரைப் பார்த்தார். காலையிலிருந்து தான் சொன்ன கதை முழுவதும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாய் ஓடி மறைந்தது. மனிதர் கோபிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"காலியிலை இருந்த காலம் முழுக்க," என்று மெதுவாகத் தொடங்கினார், "என்ரை கல்லாப்பெட்டியை ஒருத்தரையும் தொட விடேல்லை நான். காய்ச்சல் எண்டாலும் போர்த்துக்கொண்டு வந்து நானே இருப்பன். ஒரே ஒரு நாள்தான் வேறை ஆளை இருத்திப்போட்டு எழும்பினனான்." மனைவியின் பக்கம் கையைக் காட்டினார். "இவவுக்குத் தாலி கட்டின அண்டைக்கு."

"அண்டைக்கும் பின்னேரம் ஒருக்காப் போய்ப் பாத்திட்டுத்தானே வந்தனீங்கள்," என்றார் அந்த அம்மா.

துறையடியே வெடித்துச் சிரித்தது. கதிரவேலரும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு ரஞ்சனின் தோளில் கையைப் போட்டு, தன் ஆட்கள் பக்கம் அவனைத் திருப்பினார்.

"என்ரை மருமோன் ஓட்டி," என்றார். "தொழில் தெரிஞ்ச பிள்ளை. அவர் சொன்னாச் சரி. மரியதாஸ், நீர் எடும் வள்ளத்தை."

வள்ளம் கிளம்பியது. காற்று இப்போது முதுகுப் பக்கம், அலை எங்களைத் தூக்கித் தூக்கிக் கொண்டுபோனது. ஓட்டிகள் யாரும் பயணியாய் ஏறினாலும் முன்பக்கம் பார்த்துத்தான் இருப்பார்கள், அது எலும்பில் ஊறின பழக்கம். ரஞ்சன் நிரோசாவை முன்பலகையில் இருத்திவிட்டு, அவளுக்கு எதிரே, போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். அனலைதீவு போனது, கல் போனது, கடற்கோட்டை போனது. ஊர்காவற்றுறை வரும்வரை அவன் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.